பிள்ளைகளுக்குக் கதவு தட்டக் கற்றுக்கொடுப்போம்



கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோர்களும் பழைய மாணவர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களில் இருப்பவர்களும் கடைசி வரை வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

2018 மார்ச் மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று ஊர் ஊராகப் பயம் வந்த நாட்கள் அவை. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. 7ஆம் திகதி ஃபேஸ்புக், வாட்ஸப், வைபர் எல்லாம் தடுக்கப்பட்டன. ஃபேஸ்புக் திரும்பி வந்தது 15ஆம் திகதி.

ஊரடங்கு போட்ட இரவில் அடுத்த ஊரில் இருக்கும் மகளின் வீட்டுக்கு வாட்ஸப் எடுக்கிறார் ஓர் உம்மா. திரையில் வட்டம் சுற்றுகிறது, வேறொன்றும் வரவில்லை. மகளுக்கு என்ன நடந்ததோ என்ற பயம் ஒரு பக்கம். ஃபோன் பழுதாகிவிட்டதா, காசு முடிந்துவிட்டதா, யாராவது நம் ஃபோனை மட்டும் வெட்டிவிட்டார்களா என்ற குழப்பம் மறுபக்கம். வீட்டிலிருந்த பிள்ளைகளிடம் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. அதில் ஐசிடி பாடத்துக்கு ஏ எடுத்த பிள்ளையும் இருந்தது. உண்மையைச் சொன்னால், அன்று நம்மிடம் கேட்டிருந்தாலும் தெளிவாகப் பதில் சொல்லியிருக்க மாட்டோம்.

அந்த வட்டம் பல வருடம் எங்கள் மனதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான்.

உயர்தர ஐசிடி வகுப்பில் நாங்கள் வலையமைப்பு அலகு படிப்பிக்கிறோம். "மூன்று வழிக் கைகுலுக்கல் என்றால் என்ன?" என்று கேட்டால் பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்வார்கள்: முதலில் சின், பிறகு சின்-அக், பிறகு அக். படமும் கீறுவார்கள். புள்ளியும் கிடைக்கும். ஆனால் இரண்டு கணினிகளுக்கிடையில் ஓர் இணைப்பைத் தன் கையால் ஏற்படுத்திப் பார்த்த பிள்ளை வகுப்பில் ஒன்றுகூட இல்லை. நாங்கள் கல்விக் கல்லூரியில் படித்தபோதும் அதைச் செய்து பார்க்கவில்லை. நீச்சலைப் பற்றிக் கட்டுரை எழுதத் தெரிந்தவர்களாகவே நாங்களும் ஆசிரியர்களானோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் உயர்தரப் பிள்ளைகள் பதினொரு பேரும் ஆய்வுகூடத்தில் உட்கார்ந்தோம். ஓரமாகப் போட்டிருந்த பழைய கணினிகள் இரண்டைத் தூசு தட்டி எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டோம். ஒரு சின்ன சுவிட்ச், இரண்டு கேபிள். இணையம் இல்லை, தேவையும் இல்லை. மொழி சி.

ஏன் சி? அது 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய மொழி. லினக்ஸின் கருவே அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நிகழ்ச்சி இன்னொரு கணினியோடு பேசுவதற்கான 'சாக்கெட்' என்ற வழியை 1983இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் பதிப்பு ஒன்று சி மொழியில்தான் கொடுத்தது. சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட், கனெக்ட். அன்று வைத்த பெயர்கள் இன்றும் மாறவில்லை. உங்கள் கையிலுள்ள ஃபோனில் வாட்ஸப் திறக்கும்போதும் அடியில் நடப்பது ஏறக்குறைய இதே வரிசைதான்.

பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்ன விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறோம்.

ஒரு வீட்டுக்கு விருந்தாளி வர வேண்டும். வீட்டுக்காரர் முதலில் ஒரு கதவு செய்கிறார், அது சாக்கெட். அந்தக் கதவுக்கு ஓர் இலக்கம் போடுகிறார், அது பைண்ட். இலக்கம் 0 முதல் 65535 வரை இருக்கலாம், அதைத்தான் போர்ட் என்கிறோம். பிறகு கதவடியில் காது கொடுத்து நிற்கிறார், அது லிசன். விருந்தாளி தன் வீட்டில் ஒரு கதவு செய்துகொண்டு, இந்த வீட்டின் முகவரியையும் கதவு இலக்கத்தையும் சொல்லித் தட்டுகிறார், அது கனெக்ட். தட்டியவரை வீட்டுக்காரர் உள்ளே எடுப்பது அக்செப்ட்.

பலர் தவறவிடும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. அக்செப்ட் செய்ததும் வந்தவருக்கென்று புதிதாக ஒரு சாக்கெட் கிடைக்கும். பேச்சு அதில்தான் நடக்கும். வாசல் கதவு அடுத்தவருக்காக அப்படியே காத்திருக்கும். ஒரே சேவையகம் ஆயிரம் பேரோடு ஒரே நேரத்தில் பேசுவது இப்படித்தான். இதை நாங்கள் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப சேர், கடை முன்வாசல்ல ஒராள் நின்டு, வாற ஆக்கள ஒவ்வொரு மேசைக்கும் அனுப்புற மாதிரியா?" அதேதான். எங்கள் உதாரணத்தைவிட அவளுடையது நல்லது.

அடுத்து ஒரு பையன் கேட்டான்: "தட்டினா யாரும் திறக்காட்டி?"

எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது ஸூரத்துன் நூர். பிறர் வீட்டுக்குள் நுழைய முன் அனுமதி கேட்க வேண்டும், சலாம் சொல்ல வேண்டும். யாரும் இல்லாவிட்டால் நுழையக் கூடாது. திரும்பிப் போங்கள் என்றால் திரும்பிப் போய்விட வேண்டும். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று ஹதீஸிலும் வந்திருக்கிறது. மக்தப் போன ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த ஒழுக்கம் இது.

சாக்கெட்டிலும் தட்டுபவருக்கு முக்கியமாக மூன்று முடிவுகள்தான். ஒன்று, கதவு திறக்கும். இரண்டு, 'திரும்பிப் போ' என்று உடனே பதில் வரும். முகவரியில் ஆள் இருக்கிறார், ஆனால் அந்த இலக்கக் கதவில் யாரும் காது கொடுத்து நிற்கவில்லை என்று அர்த்தம். மூன்று, ஒரு சத்தமும் வராது. தட்டிக்கொண்டே இருந்து கடைசியில் நேரம் முடிந்துவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றல்ல. மறுப்பும் மௌனமும் வேறு வேறு செய்திகள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகள் கையால் தொட்டு அறிந்ததே அந்தச் சனிக்கிழமையின் இலாபம்.

முதல் முயற்சியிலேயே மறுப்பு வந்தது. ஒரு கணினி 5000ஆம் கதவில் காத்திருக்கிறது. மற்றது 5000ஐத்தான் தட்டுகிறது. ஆனாலும் 'மறுக்கப்பட்டது'. கேபிளைக் கழற்றிப் போட்டார்கள், கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டார்கள், ஒன்றும் சரிவரவில்லை. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, எந்தெந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்று கணினியிடமே கேட்டுப் பார்த்தோம். அது காத்திருந்தது 34835ஆம் கதவில்.

எப்படி? 5000 என்ற எண் இரண்டு பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது: 19, 136. அதாவது 19 தர 256, கூட்டல் 136. நமது சாதாரணக் கணினிகள் சின்னப் பக்கத்தை முதலில் எழுதும். வலையமைப்பின் உடன்பாடோ பெரிய பக்கத்தை முதலில் எழுதுவது. மாற்றிக் கொடுக்க சியில் ஒரு சின்னக் கட்டளை உண்டு. சேவையகத்தை எழுதிய பிள்ளை அதை மறந்துவிட்டது. 19உம் 136உம் இடம் மாறி, 136 தர 256, கூட்டல் 19 ஆகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 34835.

காலையில் மக்தபில் வலமிருந்து இடமாகவும், எட்டு மணிக்குப் பாடசாலையில் இடமிருந்து வலமாகவும் வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. எந்தப் பக்கமிருந்து வாசிப்பது என்று முதலில் உடன்படாவிட்டால், இருவரும் சரியாக எழுதினாலும் சேர்ந்து பிழையாகிவிடும்.

பிறகு ஒரு வேலை செய்தோம். சேவையகக் கணினியில் ஒரு தடுப்பு விதி போட்டோம்: வருகிற தட்டல்களுக்குப் பதில் சொல்லாதே, சத்தமில்லாமல் வீசிவிடு. எதுவும் சொல்லாமல் பிள்ளைகளைத் தட்டச் சொன்னோம். எங்கள் பழைய லினக்ஸ் முதலில் ஒரு விநாடி காத்திருக்கும், பிறகு 2, 4, 8 என்று இரட்டித்து 64 வரை போகும். மொத்தம் 127 விநாடி. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பதினொரு பிள்ளைகளும் மினுங்கும் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

கடைசியில் 'நேரம் முடிந்தது' என்று வந்தபோது ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னது: "திகன கலவரம் நேரம் உம்மாட ஃபோன்லயும் இப்பிடித்தான் சுத்திச்சு சேர்."

நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த நாட்களில் எங்கள் ஃபோன்கள் வட்டத்தை மட்டுமே காட்டின. வட்டத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைச் செயலிகள் நமக்குச் சொல்வதில்லை. பெயருக்கு முகவரி கிடைக்கவில்லையா? முகவரி கிடைத்தும் தட்டல் போய்ச் சேரவில்லையா? இணைப்புக் கிடைத்தபின் நடுவில் துண்டிக்கப்பட்டதா? ஒரு சேவையைத் தடுக்க விரும்புபவர் இந்த மூன்று இடங்களில் எதிலும் கைவைக்கலாம். பத்து வரி நிகழ்ச்சி எழுதத் தெரிந்த பிள்ளை இவற்றைத் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கும். "உம்மா, ஃபோன் பழுதில்ல. ராத்தாட வீட்ல ஏதோ நடந்ததாலயும் இல்ல. இந்தச் சேவைய மட்டும் தடுத்திருக்காங்க. சாதாரண கோல் எடுங்க" என்று சொல்லும். அப்படியான ஓர் இரவில் அந்த ஒரு வசனத்தின் பெறுமதியை இந்த ஊர் மக்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தடை வந்தவுடன் நம்மில் எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு ஏதேதோ இலவச விபிஎன் செயலிகளைப் போட்டோம்? ஓர் இணைப்புக்கு எப்போதும் இரண்டு முனைகள். விபிஎன் போட்டால் நம் ஃபோனின் தட்டல்கள் எல்லாம் முதலில் போவது அந்த விபிஎன் நடத்துபவரின் வாசலுக்கு. நாம் எங்கே போகிறோம், யாரைத் தேடுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். தெரியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க மாட்டோம். ஆனால் பயத்தில் இருந்த ஒரு சமூகம் அன்று அதைத்தான் செய்தது. மறுமுனையில் இருப்பது யார் என்ற கேள்வி, சாக்கெட் எழுதிப் பழகிய பிள்ளைக்கு இயல்பாகவே வரும். ஏனென்றால் கனெக்ட் எழுதும்போதே முகவரியைத் தன் கையால் எழுதியாக வேண்டும்.

2018க்குப் பிறகும் இது நின்றுவிடவில்லை. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் தடை வந்தது, அதே வருடம் மே மாதம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது மீண்டும் வந்தது, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டக் காலத்திலும் வந்தது. இனி வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நம்மை எரித்த பொய்களும் அதே இணைப்புகள் வழியாகத்தான் வந்தன. 2018 வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. சாக்கெட் எழுதக் கற்றால் வெறுப்பு ஒழிந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. இருட்டில் நிற்பவர்களைத்தான் வதந்தி முதலில் பிடிக்கும், கொஞ்சம் வெளிச்சமாவது வேண்டும் என்கிறோம்.

இனி எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள்.

"சோதனைக்கு வராதே, எதற்கு?" உயர்தரப் பாடத்திட்டத்தில் நிகழ்ச்சி எழுதப் பைத்தன்தான். சி கேட்க மாட்டார்கள், சரி. ஆனால் கைகுலுக்கல், போர்ட், டிசிபி, யுடிபி எல்லாம் கேட்கிறார்கள். செய்து பார்த்த பிள்ளைக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. இரண்டு சனிக்கிழமைகள் ரியூஷனுக்குப் போகாவிட்டால் புள்ளி குறையாது.

"அப்படியென்றால் பைத்தனிலேயே செய்யலாமே?" செய்யலாம், அதிலும் இதே பெயர்கள்தான். பிள்ளைக்குச் சி கஷ்டமாக இருந்தால் பைத்தனில் தொடங்குங்கள். ஆனால் சி தரும் ஒரு பாடத்தைப் பைத்தன் தராது. பைத்தனில் இணைப்புத் தோற்றால் நிகழ்ச்சி அந்த இடத்திலேயே நின்று கத்தும். சியில் கனெக்ட் தோற்றால் அது மைனஸ் ஒன்று என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். நாம் அதைப் பார்க்காவிட்டால் நிகழ்ச்சி அடுத்த வரிக்குப் போய்விடும். எங்கள் வகுப்பில் ஒரு பையனின் நிகழ்ச்சி, இணைப்பே இல்லாமல் "இணைப்புக் கிடைத்தது" என்று திரையில் எழுதிவிட்டு அமைதியாகச் செத்துப்போனது. அந்தப் பொய்யைக் கணினி சொல்லவில்லை. கேட்டு உறுதிப்படுத்தாமல் அந்த வரியை எழுதியவன் அவன்தான். செய்தி வந்தால் உண்மையா என்று விசாரியுங்கள் என்பது நமக்குப் புதிய கட்டளையா? ஃபோர்வேர்ட் பட்டனை அமுக்க முன் விசாரிக்காத பழக்கத்துக்கும் மைனஸ் ஒன்றைப் பார்க்காத பழக்கத்துக்கும் பெரிய தூரம் இல்லை.

இந்தக் குறைக்காகவே, 2015இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட் போன்ற புதிய மொழிகள் விளைவைப் பார்க்காமல் விட்டால் எச்சரிக்கின்றன. முன்னேற விரும்பும் பிள்ளைகள் அங்கே போகட்டும். ஆனால் கதவு செய்வது, இலக்கம் போடுவது, காது கொடுப்பது என்ற ஒவ்வொரு படியையும் ஒரு தடவையாவது சியில் கையால் செய்துவிட்டுப் போகட்டும்.

"எங்கள் பிள்ளைகளால் முடியுமா?" இந்தக் கேள்விதான் எங்களுக்கு வலிக்கிறது. வலையமைப்புகளோடு பேசுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட பாலரீனா என்ற நிகழ்ச்சி மொழி எங்கிருந்து வந்தது தெரியுமா? நமது நாட்டில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்திலிருந்து. அதன் 1.0 பதிப்பு 2019இல் வெளியானது. கொழும்பில் இருந்துகொண்டு ஒரு மொழியையே உருவாக்க முடியுமென்றால், கண்டியில் இருந்துகொண்டு ஒரு சாக்கெட் திறக்க முடியாதா? பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் நம் ஊர்களிலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

மொழிப் பிரச்சினை உண்மையானது. கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்மூலப் பிள்ளைக்கு முதல் சுவர் அதுதான். ஆனால் தேவைப்படும் ஆங்கிலச் சொற்கள் இருபதுக்கு மேல் வராது. 'மறுக்கப்பட்டது', 'நேரம் முடிந்தது', 'முகவரி ஏற்கெனவே பாவனையில்' என்று அந்தப் பிழைச் செய்திகளைத் தமிழில் விளக்கி இரண்டு பக்கத் தாள் ஒன்று தயாரித்துவிட்டோம். கேட்கும் பாடசாலைகளுக்கு இலவசமாகத் தருவோம்.

எங்கள் வேண்டுகோள் மூன்றே மூன்று.

பெற்றோர்களுக்கு: சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பிள்ளையை அனுப்புங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். அன்று மிக நல்ல கேள்வியைக் கேட்டவள் ஒரு மாணவிதான். வீட்டில் கணினி இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். ஆண்ட்ராய்டு ஃபோனில் டேர்மக்ஸ் என்ற இலவசச் செயலியிலும் சி எழுதி ஓட்டலாம். இரண்டு கணினிகூடத் தேவையில்லை. 127.0.0.1 என்ற முகவரியில் ஒரே கருவி தன் கதவைத் தானே தட்டிப் பழகலாம்.

கடைக்காரர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும்: புதிய ஸ்மார்ட் போர்ட் வேண்டாம். கடையில் மாற்றிப் போட்ட பழைய கணினி, மூலையில் கிடக்கும் சுவிட்ச், மிச்சமான கேபிள் போதும். மென்பொருள் துறையில் இருக்கும் நானாமார், ராத்தாமார் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தாருங்கள். எங்களுக்குத் தெரியாததை எங்களுக்கும் சொல்லித் தாருங்கள். மாணவர்களுக்கு முன்னால் கற்றுக்கொள்வதில் எங்களுக்கு வெட்கமில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு: மக்தப் கட்டடங்கள் பல பின்னேரங்களில் மூடிக் கிடக்கின்றன. ஒரு மேசை, ஒரு மின் இணைப்பு. அதில் இரண்டு கணினிகள் ஒன்றுக்கொன்று சலாம் சொல்லட்டும்.

அன்று கலைந்து போக முன், பிழைகளைத் திருத்தி எல்லோரும் சேர்ந்து இன்னொரு தடவை ஓட்டினோம். ஒரு பக்கம் அனுப்பியது "அஸ்ஸலாமு அலைக்கும்". சுவிட்சின் சின்னப் பச்சை விளக்கு மினுங்கியது. மறுபக்கத் திரையில் அது வந்தது, பதில் சலாமும் திரும்பி வந்தது. பதினொரு பிள்ளைகளும் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த தடவை எங்கள் ஊரில் ஒரு திரை மௌனமாகும்போது, அதன் முன்னால் பயந்து நிற்காமல் "பொறுங்க, பாத்துச் சொல்றேன்" என்று சொல்ல வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டும். அந்த நாள் வராமலே போகட்டும் என்றே துஆச் செய்கிறோம். வந்தால் நாம் தயாராக இருப்போம், இன்ஷா அல்லாஹ்.

உதவ முடிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். பயனுள்ளது என்று நினைத்தால், வாசித்துவிட்டுப் பகிருங்கள்.